கீழாநெல்லிக்கு மாறுதல் ஆணை

சோபியா டீச்சர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை அவர் பாடம் நடத்திவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது தப்பா என்று கேட்பவர்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காதவர்கள். தாராளமாக நடத்தலாம். கதவை ஒருக்களித்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் நடத்தினால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சோபியா டீச்சர் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு வந்து நடத்தினார். அங்கேதான் சனியன் பிடித்தது.

வெள்ளேரிப்பட்டு அரசு நடுநிலைப் பள்ளிக்கு உத்திரமேரூரிலிருந்து மினிபஸ்ஸில் போக வேண்டும். டிரைவருக்கு மனசிருந்தால் பள்ளி வாசலில் இறக்கிவிடுவார். இல்லையென்றால் ஏரிக்கரையில். அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இலையைப் பற்றிய பாடம். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. அடிபம்பு ஓரத்தில் கீழாநெல்லி முளைத்துக் கிடந்தது. டீச்சர் ஒரு செடியை மடக்கிப் பிடித்துக் காட்டினார். இலைக்கு அடியில் கடுகு கடுகாய்ப் பச்சைக் காய்கள் வரிசை கட்டி நின்றன. பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள்.

திவ்யா என்ற பெண் கேட்டாள். "இன்னாத்துக்கு மிஸ் காயி அடியில ஒளிஞ்சிக்கினு கீது?"

"நல்ல கேள்வி. நான் சொல்லமாட்டேன். ரெண்டு நாள் நீங்களே வந்து வந்து பாருங்க. திங்கக்கெழமை பேசலாம்."

அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.

ஏனென்றால், தலைமையாசிரியர் பஞ்சாட்சரம் சார் அப்போது தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். காலையில் கைபேசிக்கு வரும் பூங்கொத்துகளை எல்லாக் குழுவுக்கும் அனுப்பிவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தே போடுவார். அன்றைக்குப் பூங்கொத்து தீர்ந்துவிட்டதோ என்னவோ, டீச்சர் பாடம் நடத்துவதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். அது குழுவுக்குக் குழு தாவி மேலே ஏறியது. மேலே யாருக்கோ அந்தச் சமயம் மஞ்சள் காமாலை இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே 'மூலிகை வழி அறிவியல்' என்று ஒரு திட்டம் வந்து இறங்கிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இங்கே ஊதியவர் ஒருவர், கெட்டவர் இன்னொருவர்.

கெட்டவருக்கு அந்த வருஷம் கெடக் கூடாத வருஷம். சோபியா டீச்சருக்கு வீடு வாலாஜாபாத்தில். கணவர் ஞானதாஸ் அங்கே ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறார். மகள் அம்முலுவுக்கு நாலு வயசு. டீச்சர் விடியலில் கிளம்பும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பஸ் மாறி, கடைசி பஸ் வராமல் நின்று, அவர் வீடு திரும்பும்போது மறுபடி தூங்கிவிட்டிருக்கும். ஒருநாள் மத்தியானம் ஞானதாஸ் போன் போட்டுக் குழந்தை கையில் கொடுத்து, "யாரு பேசறது சொல்லு" என்றார். "சண்டே அம்மா" என்றது குழந்தை. டீச்சர் சிரித்துக்கொண்டே பேசி வைத்தார். வைத்துவிட்டு, ஆய்வகம் என்று எழுதியிருந்த பழைய சாமான் அறைக்குள் போய் அழுதார்.

அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை மே மாதத்து மாறுதல் கலந்தாய்வு. வாலாஜாபாத்தில், அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பள்ளியில், அறிவியல் ஆசிரியர் இடம் காலி. வரிசையில் இந்த முறை இவர்தான் முதல் ஆள். வாயைத் திறக்காமல், தலையைத் தூக்காமல், மே மாதம் வரை போய்ச் சேர்ந்தால் போதும். அந்த நேரம் பார்த்துத்தான் கீழாநெல்லி வந்தது.

திட்டத்துக்குப் பள்ளிக்கு ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும். உத்திரமேரூர் வட்டாரம் ஆயிற்றே! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளெடுத்த மண் என்று இங்கே மைக்கைப் பிடிப்பவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுத்தான் தொண்டையைச் செருமுவார்கள். ஆகவே பொறுப்பாசிரியரையும் குடவோலை முறையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு. சத்துணவுக் கூடத்திலிருந்து பிளாஸ்டிக் குடம் வந்தது. கணக்கு டீச்சருக்கு வேறு கணக்கெடுப்பு வேலை. தமிழ் சாருக்கு முழங்கால் வலி. பஞ்சாட்சரம் சார் ஒரு சீட்டை எழுதி உள்ளே போட்டு, குடத்தை நன்றாகக் குலுக்கினார்.

"ஒரே சீட்டுதானே சார் போட்டீங்க?" என்றார் சோபியா டீச்சர்.

"அதான் டீச்சர் நல்லது. ரெண்டு போட்டா தகராறு வரும்."

சீட்டை எடுத்தார். பிரித்தார். ஆச்சரியப்பட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்து, வட்டாரப் பயிற்றுநர் தினேஷ்குமார் வந்து டீச்சருடைய கைபேசியில் 'பசுமைப் பிள்ளை' என்ற செயலியை ஏற்றிக் கொடுத்தான். சின்ன வயசு, நல்ல பையன், எதையும் சிரித்த முகமாகவே சொல்வான். பள்ளிப் பிள்ளைகளின் விவரம் பதிய எப்போதோ எழுதிவைத்த செயலியாம் அது. புதிதாக எழுத அவகாசம் இல்லாததால், மாணவர் என்று வந்த இடத்திலெல்லாம் செடி என்று மாற்றிவிட்டார்களாம். தாய்மொழி என்ன என்று கேட்டது. தமிழ் என்று போட்டார்கள். ரத்தப் பிரிவு கேட்டது. தினேஷ்குமார் தன்னுடையதைப் போட்டான். தந்தை பெயர் கேட்டது.

"இதுக்கு இன்னா தம்பி போடறது?"

"காலியா விட்டா அடுத்த பக்கம் போவாது மேடம். யாராவது பொறுப்பான ஆளு பேரு போட்டுடுங்க."

பஞ்சாட்சரம் சார் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "என் பேரையே போடுங்க டீச்சர். எனக்கும் பொட்டப்புள்ள இல்ல."

அன்றிலிருந்து காலை வழிபாடு முடிந்ததும் சோபியா டீச்சர் அடிபம்புக்குப் போய், "கீழாநெல்லி!" என்று கூப்பிட்டு, அது வந்திருக்கிறது என்று பதிய வேண்டும். படம் எடுத்து ஏற்ற வேண்டும். வாரக் கடைசியில் உயரம் அளந்து போட வேண்டும். பள்ளிக்குள் சிக்னல் வந்தால் வரும், நம்பினால் வராது; ஏரிக்கரை மேல் ஏறி நின்றால்தான் நிச்சயம் கிடைக்கும். அவர் போய்த் திரும்புவதற்குள் அறிவியல் பீரியட் முடிந்திருக்கும். பிள்ளைகள் அதுவரை 'மூலிகை காப்போம்' என்று கோஷம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

"மிஸ், திங்கக்கெழம சொல்றேன்னியே?" என்று திவ்யா கேட்டுப் பார்த்தாள்.

"சொல்றேம்மா. மே மாசம் போவட்டும்" என்றார் டீச்சர்.

பொங்கல் முடிந்த சமயம், பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிக் குடியிருக்கும் சிட்டம்மாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். நூறுநாள் வேலைக்குப் போகிறவர். கையில் ஆட்டுக்கயிறு இருந்தது. கயிற்று நுனியில் ஆடு இருந்தது. ஆட்டின் வாயில் மிச்சம் இருந்தது.

"டீச்சர், கோச்சிக்காத. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள எகிறிப் பூந்து மேஞ்சிடுச்சி. அதுக்கு இன்னா தெரியும், இது கெவருமெண்ட்டு செடின்னு?"

"வுடுங்கம்மா. அது மழைக்கு மொளைக்கிற செடி. பனி போனா அதுவே காஞ்சி போயிருக்கும்" என்று சொல்லி டீச்சர் ஆட்டைக்கூடத் தடவிக்கொடுத்தார். உள்ளூர அவருக்கு நிம்மதி. செடி போயிற்று, பீடை விட்டது. ஏரிக்கரை ஏறி தினேஷ்குமாருக்குப் போன் போட்டு, செடி செத்துவிட்டது என்றார்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க மேடம். ஆப்ல சாவுக்கு ஆப்ஷனே கெடையாது. இடைநிற்றல்னு ஒண்ணு கீது. அதைப் போட்டா உங்களுக்கு மெமோ வந்துடும். மெமோ வாங்கினவங்க கலந்தாய்வுல உக்கார முடியாது."

"அப்ப புதுசா ஒண்ணு தேடிப் புடிச்சி வெச்சிடறேன் தம்பி."

"எவ்ளோ உயரம் வரும்?"

"ஒரு சாண்."

"போன வாரம் ஒண்ணரை அடி போட்டுக்கீறீங்களே. கொறைச்சிப் போட்டா எடுத்துக்காது மேடம். வாரா வாரம் ஏறிக்கினேதான் போவணும். புள்ளைங்க எங்கனா வளந்துட்டுக் குள்ளமா ஆவாங்களா?"

"இது புள்ள இல்லப்பா, செடி!"

"எனக்குத் தெரியுது மேடம். ஆப்புக்குத் தெரியலியே."

அப்படித்தான் இல்லாத ஒன்றை வளர்க்கும் வேலை ஆரம்பமாயிற்று. படத்துக்குக் கவலை இல்லை. செயலி பச்சை நிறம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஒருநாள் சேலை முந்தானையை ஏற்றினார். ஒருநாள் மினிபஸ்ஸின் பச்சை இருக்கையை ஏற்றினார். பஞ்சாட்சரம் சார் பச்சைச் சால்வையோடு வந்த அன்றைக்குத் தந்தையே மகளுக்காகப் போஸ் கொடுத்தார். மூன்றையும் செயலி ஏற்றுக்கொண்டு, 'நன்றி, உங்கள் செடி ஆரோக்கியமாக உள்ளது' என்று சொன்னது.

"பொய்யாச்சேங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொன்னார் டீச்சர். மடியில் அம்முலு உட்கார்ந்து அவருடைய வளையலை எண்ணிக்கொண்டிருந்தது.

"நீ இன்னா கொலையா பண்ணிட்ட சோபி? செடி வளருதுன்றே, அவ்ளோதானே. மே மாசம் வரைக்கும் வளத்துட்டுப் போ. அப்பறம் அது எக்கேடு கெட்டா இன்னா?"

வளர்த்தார். மாசி மாதம் கீழாநெல்லி சோபியா டீச்சரைத் தாண்டியது. பங்குனியில் வகுப்பறைக் கதவைத் தாண்டியது. உலகத்தில் கீழாநெல்லி என்பது முழங்காலைத் தொட்டால் பெரிய விஷயம். அதைக் கவனித்துக் கேட்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. பாராட்டுத்தான் வந்தது.

சித்திரை பிறந்ததும் பஞ்சாட்சரம் சார் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "டீச்சர், மோசம் போயிட்டோம். நம்ம செடிதான் எல்லா ஸ்கூல்லயும் ஒசரமாம். மண்டல மூலிகைக் கல்வி அலுவலர் நேர்ல வராராம், பாராட்டு விழாவாம். ஒம்போது அடி கீழாநெல்லிக்கு நான் எங்க போவேன்?"

"உண்மையச் சொல்லிடலாம் சார்."

"சொல்லுங்க. மெமோ உங்களுக்கு வரும். தகப்பன்ற மொறையில எனக்கும் வரும். கலந்தாய்வு அடுத்த மாசம்."

இருவரும் திக்கு தெரியாமல் நின்றபோது, சத்துணவுக் கூடத்துப் பின்னால் இருந்த அரநெல்லி மரம் பஞ்சாட்சரம் சார் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே காய்க்கிற மரம். பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் மடித்த பொட்டலத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வளர்ந்தவர்கள். சார் ஒரு கிளையை வளைத்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்டியே ஜாடை அடிக்குதே. ரெண்டும் சொந்தமா டீச்சர்?"

"ஒரே குடும்பம்தான் சார். ஆனா இது மரம், அது..."

"போதும். சொந்தக்காரன் வூட்டு விசேஷத்துக்குச் சொந்தக்காரன் வந்து நிக்கமாட்டானா?"

அடிபம்பு ஓரம் 'கீழாநெல்லி' என்று நட்டு வைத்திருந்த பெயர்ப்பலகையை எடுத்து மரத்தில் கட்டினார்கள். மரத்தை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சிரிக்கக் கூடாது, விழா முடியும்வரை காய் பறிக்கக் கூடாது என்று வழிபாட்டில் பிள்ளைகளுக்கு மூன்று அறிவுரை சொல்லப்பட்டது.

மண்டல மூலிகைக் கல்வி அலுவலர் கலைச்செல்வன் மூன்று கார்களில் வந்தார். ஒன்றில் அவர் இருந்தார். மற்ற இரண்டும் கூட வந்தன. நேராக மரத்தடிக்குப் போய்ப் பலகையைப் படித்தார். படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். தொங்கிய ஒரு காயைப் பறித்து வாயில் போட்டார். முகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"மருந்துன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

பின் வரிசையில் ஒரு பிள்ளை 'களுக்'கென்றது. பஞ்சாட்சரம் சார் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அப்படியே தும்மலாக மாறியது. அலுவலர் மைக்கைப் பிடித்தார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குடவோலை கண்ட மண்ணுல நிக்கிறேன். நானும் விவசாயக் குடும்பம்தான். கீழாநெல்லி மர நிழல்ல படிச்சி முன்னுக்கு வந்தவன். இதே மாதிரி ஒரு கீழாநெல்லி மரத்துலதான் எங்கப்பா என்னைக் கட்டி வெச்சி அடிச்சார். இன்னிக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு எது கீழாநெல்லின்னே தெரியலை. அந்த அவல நிலையை மாத்தத்தான் இந்தத் திட்டம்."

கைதட்டல்.

"அறிவியல்னா என்ன? உத்துப் பார்க்கணும், கேள்வி கேக்கணும். பார்க்கறதுக்கு அலுவலர்கள் நாங்க இருக்கோம். கேள்வியையும் நாங்களே கேட்டுக்கறோம். பிள்ளைகளுக்கு ஒரு சிரமமும் வைக்கலை. செடி தண்ணியால வளருது, வெயிலால வளருதுன்னு பழைய பாடத்துல இருக்கும். நான் ஒண்ணு கேக்கறேன். சுற்றறிக்கை அனுப்பறதுக்கு முன்னாடி இந்தச் செடி எவ்வளவு உயரம்? ஒரு சாண். சுற்றறிக்கைக்கு அப்புறம்? நீங்களே பாருங்க!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சோபியா டீச்சரும் பார்த்தார். இப்படி ஒரு மனுஷன் இலையை ஒருமுறை திருப்பிப் பார்த்தால் தன் கதை முடிந்தது என்று காலையிலிருந்து அவர் கர்த்தரை வேண்டிக்கொண்டிருந்தார். அந்த வேண்டுதல் வீண் என்று இப்போது தெரிந்தது. எவனும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை.

"இப்படி ஒரு அதிசயம் இந்தக் காட்டுல இருந்து யாருக்கு லாபம்? நாலு பேர் பார்க்க வேண்டாமா? ஆகவே இந்தக் கீழாநெல்லியை வாலாஜாபாத்துல அமையப் போற மூலிகைப் பூங்காவுக்கு மாறுதல் செய்ய உத்தரவிடறேன்."

வாலாஜாபாத் என்ற சொல் காதில் விழுந்ததும் டீச்சர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா... செடியப் பார்த்துக்கிட்ட டீச்சர்..."

"உக்காருங்கம்மா. அவங்களை மறப்போமா? அவங்களுக்கும் ஆணையில வழி பண்ணியிருக்கு. நிம்மதியா இருங்க."

டீச்சர் விழா முடியும் முன்பே ஏரிக்கரைக்கு ஓடிக் கணவருக்குப் போன் போட்டார். "என்னங்க, வந்துடுவேன் போலக் கீது. செடியோட என்னையும் அங்கயே போடறாங்களாம்!" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். அந்தப் பக்கம் ஞானதாஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா இனிமே தெனம் தெனம் அம்மாடி" என்று சொல்வது கேட்டது. பொய் சொன்னதெல்லாம் கடைசியில் நல்லதுக்குத்தானோ என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

செடி பள்ளியை விட்டுப் போவதால் மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று செயலி கேட்டது. நடத்தை: நன்று. விலகும் காரணம்: தந்தையின் விருப்பம். பஞ்சாட்சரம் சார் தலைமையாசிரியர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டார். பெற்றோர் என்ற இடத்தில் இன்னொன்று போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்பற மாதிரி கீது டீச்சர்."

மறுநாள் ஜேசிபி வந்தது. மரத்தை மண்ணோடு பெயர்த்து லாரியில் ஏற்றி, பேனர் கட்டி, மாலை போட்டார்கள். காய்கள் வழியெல்லாம் உதிர்ந்தன. பிள்ளைகள் பொறுக்கவில்லை, சும்மா நின்றார்கள்.

"காய்க்கிற மரத்த இப்டியாடா புடுங்குவீங்க? கையி வெளங்குமா உங்களுக்கு?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிட்டம்மாள்தான் மண்ணை வாரித் தூற்றினார். லாரி போயிற்று. மரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

ஆணை மே மாதம் வந்தது. சோபியா டீச்சர் ஸ்வீட் பாக்கெட்டோடு தலைமையாசிரியர் அறையில் நின்றுகொண்டு படித்தார். மேற்படி தாவரம் வாலாஜாபாத்துக்கு மாறுதல் செய்யப்பட்டுள்ளது. அது வளர்ந்த இடம் சிறப்பு வாய்ந்த இடமாகிவிட்டபடியால், பொறுப்பாசிரியர் அவ்விடத்திலேயே தொடர்ந்து இருந்து அதனைப் பேணிக் காக்க இதன்மூலம் பணிக்கப்படுகிறார். பொதுநலன் கருதி இவ்வாண்டுக் கலந்தாய்விலிருந்து இவர் விடுவிக்கப்படுகிறார். 'விடுவிக்கப்படுகிறார்' என்ற சொல்லை மட்டும் அவர் திரும்பவும் படித்தார்.

"பள்ளத்தையா சார் பாத்துக்கணும்?" என்றார் டீச்சர்.

பஞ்சாட்சரம் சார் ஸ்வீட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தினேஷ்குமார் போனில் சிரித்த குரலிலேயே விளக்கினான். "செடியோட பதிவு அங்க போயிடுச்சி மேடம். உங்களுக்கு 'இடம்'னு புதுசாத் தொறந்துகிது. உயரம்னு வர்ற எடத்துல ஆழத்தப் போட்டுடுங்க."

"ஆழமும்..."

"வாரா வாரம் கூடணும் மேடம். அதே ஆப்தானே. இன்னொண்ணு, படத்துல இனிமே பச்சை தெரியவே கூடாது. தெரிஞ்சா செடி திரும்பி வந்துட்டதா எடுத்துக்கும். ஒரே செடி ரெண்டு எடத்துலன்னா போலிப் பதிவு. அதுக்குத் தனி மெமோ. அடுத்த வருஷக் கலந்தாய்வும் போயிடும்."

"அடுத்த வருஷமாவது உண்டா தம்பி?"

"பள்ளம் நல்லபடியா இருந்தா பரிசீலிப்பாங்களாம் மேடம்."

வாலாஜாபாத்தில் மார்க்கெட் பக்கம் மரத்தை நட்டு, கம்பி வேலி போட்டு, 'உலகின் மிக உயரமான கீழாநெல்லி' என்று பலகை மாட்டினார்கள். வேர் அறுந்த மரம் வெயிலில் நிற்குமா? பத்தே நாளில் எல்லா இலையும் கொட்டிவிட்டது. செயலியில் மட்டும் அது பத்தடியைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது. அம்முலு புதிதாகப் பள்ளிக்கூடம் போகும் வேன் தினமும் அந்த வழியாகத்தான் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது குழந்தை கேட்டது. "அம்மா, அந்தக் குச்சி மரம் உங்க ஸ்கூல்ல இருந்து வந்துச்சாமே?"

"ஆமாண்டி கண்ணு."

"அது எப்டி வந்துச்சி?"

"லாரில வந்துச்சி."

குழந்தை சோற்றை வாயில் வைத்துக்கொண்டே யோசித்தது. "அப்ப நீயும் லாரிலயே வந்துடும்மா."

ஞானதாஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். சோபியா டீச்சர் குழந்தை தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். குழந்தை பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆடி மாதம் இரண்டு நல்ல மழை பெய்தது. பள்ளம் இப்போது பள்ளமாக இல்லை. சிட்டம்மாள் நூறுநாள் வேலைக் கணக்கில் வாரா வாரம் வந்து ஒரு பிடி வெட்டிவிட்டுப் போவார். "இன்னா டீச்சர் இது, கெணறா தோண்டறோம்? தண்ணி வந்தாலாவது குடிக்கலாம்" என்பார். சத்துணவுக் கூடத்து ஏணியை வைத்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அறிவியல் பீரியட். பிள்ளைகள் பள்ளத்தைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். ஆழத்தை எட்டிப் பார்ப்பதுதான் இப்போது பாடம். சோபியா டீச்சர் ஒரு கையில் டேப்பும் ஒரு கையில் கைபேசியுமாக அடியில் நின்றுகொண்டிருந்தார்.

அளந்து முடித்துப் படம் எடுக்கப் போனார். எதிர்ப்பக்கத்து மண்சுவரில், தலைக்கு மேல், பச்சையாக என்னவோ தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். கீழாநெல்லி. மழைக்குத் தானாக முளைத்திருந்தது. பள்ளத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்ததால், மடக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், இலைக்கு அடியில் இருந்த காய்கள் அத்தனையும் வரிசையாகத் தெரிந்தன. அவ்வளவு அழகாக அவரே அதைப் பார்த்ததில்லை. இதை இப்படியே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்குப் பரபரத்தது. இறங்கி வாங்க என்று கூப்பிட வாயெடுத்தார்.

கைபேசி உறுமியது. 'படத்தைப் பதிவேற்றவும்' என்றது.

திவ்யா விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மிஸ்! அங்க ஒரு செடி கீது மிஸ்! காயி அடியில ஒளிஞ்சிக்கினு... அன்னிக்கி நீ காட்டினது மிஸ் அது!"

சோபியா டீச்சர் கையை உயர்த்தி அதை வேரோடு பிடுங்கினார். மண் அவர் முகத்தில் உதிர்ந்தது. செடியைக் கசக்கி, கால் அடியில் போட்டு மிதித்தார்.

"அது கீழா..." என்றாள் திவ்யா.

"களை" என்றார் டீச்சர்.

"இல்ல மிஸ், நீதானே அன்னிக்கி..."

"களைன்னு சொல்றேன் இல்ல? காதுல விழல?"

இத்தனை வருஷத்தில் அவர் பிள்ளைகளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. டீச்சர் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு, வெறும் மண்சுவரைப் படம் எடுத்தார். 'நன்றி' என்று வந்தது. மேலே யாரோ ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் படிப்பதுபோல மெல்ல, "களை" என்று சொல்லிப் பார்த்தது. அடுத்த பிள்ளையும் சொன்னது. பிறகு எல்லாரும் சொன்னார்கள். திவ்யா மட்டும் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.